லைனில் சேர வந்த பெண்

அந்தக் காலேஜ் ஹாஸ்டலில் பெண்களுக்குள்ளே ஒரு உறவுமுறை இருந்தது. பெற்றவர்கள் வைத்த உறவு இல்லை, ரோல் நம்பர் வைத்த உறவு. முதல் வருஷத்துப் பதினேழாம் நம்பர் பெண்ணுக்கு இரண்டாம் வருஷத்துப் பதினேழு அக்கா. அவளுக்கு மூன்றாம் வருஷத்துப் பதினேழு, அவளுக்கும் மேலே நான்காம் வருஷத்துப் பதினேழு. இந்த நாலு பேரும் சேர்ந்தால் ஒரு லைன். பெற்ற அம்மாவிடம் போனில் எகிறிப் பேசுகிற பெண்கூட லைன் அக்காவிடம் எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

நான் அங்கே மெஸ்ஸில் பரிமாறுகிற இடத்தைப் பார்த்துக்கொள்கிறவள். எனக்குக் கீழே நாலு பெண்கள் கரண்டி பிடிக்கிறார்கள். செகந்திராபாத் ரயில்வே காலனியில் பிறந்து, அங்கிருந்த தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை போனேன். அப்பா ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தார். நாலாவதுக்கு மேல் போகவில்லை என்றாலும் எந்த இடத்திலும் கட்டைவிரலை மையில் வைத்தவள் இல்லை நான். தமிழில் கையெழுத்துப் போடுவேன். மகன் கொண்டாப்பூரில் இருக்கிறான், வந்து இரு என்கிறான். அவன் வீட்டில் சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கிறதைவிட இங்கே நின்றுகொண்டிருக்கிறது மேல் என்று ஹாஸ்டலிலேயே ஸ்டோர் பக்கத்து அறையில் இருந்துவிட்டேன். பெண்கள் எல்லாரும் ஆயம்மா என்பார்கள். வார்டன்கூட என்னை ஒருமையில் கூப்பிட்டது கிடையாது.

லைன் என்றால் கெட்டது என்று எடுத்த எடுப்பில் சொல்ல மாட்டேன். பார்த்ததைச் சொல்ல வேண்டும். ஒரு வருஷம் ஒரு பெண்ணின் அப்பா திடீரென்று போய்விட்டார். வார்டன் பெட்டியைக் கட்டச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே லைன் அக்காக்கள் மூன்று பேரும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள், ரயிலில் அவளோடு ஊர்வரை. காரியம் முடிந்துதான் திரும்பி வந்தார்கள், பரீட்சை போனது போனதுதான். புத்தகம், நோட்டு, லேப் கோட்டு எல்லாம் அக்காவிடமிருந்து தங்கைக்கு வரும். காய்ச்சல் வந்தால் கஞ்சி கேட்டு என்னிடம் வந்து நிற்கிறதும் லைன் அக்காதான்.

ஆனால் சேர்த்துக்கொள்கிறதுக்கு முன்னால் இரண்டு மாதம் இருக்கிறதே, அந்த இரண்டு மாதம்தான் எனக்குப் பயம். முதல் வருஷத்துப் பெண்கள் எண்ணெய் வழிய இரட்டைப் பின்னல் போட வேண்டும். துப்பட்டாவை இரண்டு தோளிலும் பின் குத்த வேண்டும். சீனியர் எதிரில் வந்தால் தலை நிமிரக் கூடாது. ஃபிரெஷர்ஸ் பார்ட்டி அன்று லைன் அக்கா வந்து மோவாயைப் பிடித்துத் தூக்குவாள், அதுவரைக்கும் தன் லைன் அக்காவின் முகத்தையே பார்த்திருக்க மாட்டார்கள். குரலும் பாதமும்தான் தெரியும்.

மெஸ் சுவரில் ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தது, கம்பிக்குப் பின்னால் ஒரு பெண் நிற்கிற படம். ராகிங் செய்தால் ஜெயில் என்று எழுதியிருக்கிறது என்றார்கள். அந்தப் போஸ்டருக்குக் கீழேதான் முதல் வருஷத்துப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு தட்டோடு வரிசையில் நிற்பார்கள். “இதுக்குப் பேர் என்ன?” என்று ஒரு சீனியரைக் கேட்டேன். “இது ராகிங் இல்ல ஆயம்மா, பாசம்” என்றாள், பல் எல்லாம் தெரிய.

லைன் ஒரு பெண்ணை வேண்டாம் என்றும் சொல்லலாம். அப்படித் தள்ளிவிட்ட பெண்ணுக்கு அங்கே ஒரே பெயர், அநாதை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருத்தி அப்படி ஆனாள். மெஸ்ஸில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவாள். நான் தட்டில் கூட ஒரு கரண்டி வைத்தால் அதற்கே கண்ணில் தண்ணீர் வரும். தசரா லீவுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. என்ன ஆனாள் என்று யாரைக் கேட்டாலும் தெரியாது என்றார்கள். எனக்கு அது தொண்டையில் மாட்டிய முள்ளாக இருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் பெண் வந்தாள். வீடு லோத்குண்டாவில், அப்பாவுக்குச் சனத்நகரில் ஒரு பட்டறையில் வேலை. காலேஜ் ஊருக்கு அந்தக் கோடியில் இருந்ததால் ஹாஸ்டலில் விட வந்தார்கள். நான் தமிழ் என்று எப்படியோ தெரிந்துகொண்டு அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இவ பசின்னு வாயத் திறந்து கேக்க மாட்டாம்மா. நீங்க கொஞ்சம் பாத்துக்கங்க.”

“சாப்பாட்டு விஷயத்த என்கிட்ட விட்டுடுங்க” என்றேன். சொன்னால் செய்கிறவள்தான் நான்.

பெண்ணைத் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லும். தமிழ் காதுக்குத்தான், எழுத்துக் கூட்டக்கூட வராது. ஒல்லியாக, கழுத்து நீளமாக இருப்பாள். பதினேழாம் நம்பர் என்றாள். யாருடைய லைன் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. பதினேழாம் லைனின் நான்காம் வருஷத்து அக்கா நன்றாகப் படிக்கிறவள், யாருக்கு என்ன ஆனாலும் முன்னால் போய் நிற்கிறவள். அவள் ஒரு பார்வை பார்த்தால் மெஸ்ஸில் சத்தம் அடங்கும். ரயிலில் ஊர்வரை போனாள் என்று சொன்னேனே, அவளும் அதில் ஒருத்தி.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குக் கோழி பிரியாணி என்பதால் வரிசை வாசலுக்கு வெளியே வரை நின்றது. எல்லாருக்கும் போட்டு முடித்தேன். நீளக் கழுத்து வரவில்லை. டிபனுக்கு வந்தாளா என்று என்னோடு பரிமாறுகிற பெண்ணைக் கேட்டேன். வந்தாள், இரண்டு இட்லி, அதற்கப்புறம் காணோம் என்றாள். வீட்டுக்குப் போயிருப்பாளோ என்று நினைத்தேன். போனால் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போவாள்.

அப்போது அவளுடைய இரண்டாம் வருஷத்து அக்கா வந்து ஒரு தம்ளர் மோர் கேட்டாள். குட்டையான பெண், பழைய பட்டணத்துக்காரி, பேச்சில் உருது கலந்து வரும், எப்போதும் சிரித்துக்கொண்டிருப்பாள். அன்றைக்கு உதடு வெளுத்திருந்தது.

“இப்பதானே ரெண்டு தம்ளர் குடிச்சே?”

“இன்னொன்னு வேணும் ஆயம்மா.”

கொடுத்தேன். கொண்டுபோய் அறையில் குடிப்பாள் என்று பார்த்தால் படிக்கட்டில் மேலே போகிறாள். முதல் மாடி, இரண்டாம் மாடி என்று போய்க்கொண்டே இருக்கிறாள். நான் கரண்டியைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே ஏறினேன். எனக்கு முழங்கால் சரியில்லை. ஒவ்வொரு படிக்கும் சுவரைப் பிடிக்க வேண்டும். ஏறும்போது நினைத்ததை எல்லாம் சொல்ல மாட்டேன்.

மொட்டைமாடிக் கதவு இரும்புக் கதவு. படிக்கட்டுப் பக்கம் தாழ்ப்பாள். அது போட்டிருந்தது. குட்டைப் பெண் அந்தக் கதவுக்கு எதிரே கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் மோர், ஒரு கையில் போன். அழுகையில் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

“கைக்கு அழற?” ஏன் என்று அவள் பேச்சிலேயே கேட்டேன். “உள்ளே யாரு?”

“அக்கா போன் எடுக்க மாட்டேங்கிறாங்க ஆயம்மா.”

“உள்ளே யாருன்னு கேட்டேன்.”

“சின்னது. காலைல பத்து மணிக்கு விட்டது. ஒரு மணி நேரம்தான். சத்தம் போடாம இருந்தா லைன்ல எடுத்துக்குவோம். நாலாவது வருஷத்துப் பெரிய அக்காவோட சொந்தக்காரங்க வந்தாங்க, அக்கா அவங்களோட வெளிய போயிட்டாங்க. மூணாவது வருஷத்து அக்கா திறந்திருப்பாங்கன்னு நான் நினைச்சேன். அவங்க நான் திறந்திருப்பேன்னு நினைச்சுட்டுத் தூங்கிட்டாங்க.”

மணி ஒன்றே முக்கால்.

“அப்ப திற!”

“நக்கோ ஆயம்மா, வேணாம். பெரிய அக்கா சொல்லாம திறக்கக் கூடாது.”

அவள் கையில் மோர் இருக்கிறது. எதிரில் தாழ்ப்பாள் இருக்கிறது. குழந்தைகூடத் தள்ளலாம், அவ்வளவு லேசான தாழ்ப்பாள். இவளுக்குக் கை போகவில்லை. உள்ளே இருக்கிறவளுக்கு என்ன ஆகுமோ என்று அழுகிறாள், ஆனாலும் கை போகவில்லை.

நான்தான் திறந்தேன்.

மழைக்காலம் முடிந்து வெயில் சுள்ளென்று அடிக்கிற நாள். தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தில் ஒரு சாண் அகலத்துக்கு நிழல் இருந்தது. அதற்குள் உடம்பை ஒட்டவைத்துக்கொண்டு கிடந்தாள். வாந்தி எடுத்திருந்தாள். உதட்டில் வெடிப்பு. செத்துவிட்டாள் என்றே நினைத்தேன். கூப்பிட்டேன், தட்டினேன். கண்ணைத் திறந்தாள். திறந்தவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் காலைப் பார்த்தாள்.

“அக்கா கூப்பிட்டாங்களா?”

அதுதான் முதல் வார்த்தை, வழக்கம்போலத் தெலுங்கில். தண்ணீர் கேட்கவில்லை, அம்மா என்று சொல்லவில்லை.

“நான் ஆயம்மாடி. எழுந்திரு.”

“நான் சத்தம் போடல ஆயம்மா. ஒரு தடவகூடப் போடல. அக்காகிட்ட சொல்லுங்க.”

மோரை வாயில் விட்டேன். பாதி வெளியே வழிந்தது. குட்டைப் பெண் வாசலிலேயே நிற்கிறாள், உள்ளே காலை வைக்கவில்லை. ஒரு சத்தம் போட்டேன், அப்புறம்தான் வந்து தூக்கினாள். கீழே இறக்கும்போது நீளக் கழுத்து என் புடவையைப் பிடித்துக்கொண்டாள்.

“எங்க வீட்டுல சொல்லாதீங்க. அப்பா படிப்ப நிறுத்திடுவாரு. சத்தியம் பண்ணுங்க.”

“சொல்ல மாட்டேன். கால வச்சு எறங்கு.”

“சத்தியம்?”

“சத்தியம்டி அம்மா.”

வார்டன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சாயந்திரம் வரைக்கும் பாட்டில் ஏற்றினார்கள். பிழைத்தாள். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னதை வார்டனே என்னிடம் சொன்னார், பிறகு சொல்லாதது மாதிரி இருந்துவிட்டார்.

மறுநாள் காலையில் என்னைப் பிரின்சிபால் அறைக்குக் கூப்பிட்டார்கள். அந்த அறைக்குள் அதுவரை நான் டீ கொண்டுகூடப் போனதில்லை. நாற்காலி போட்டார்கள். பிரின்சிபால் மரியாதையாகத்தான் பேசினார், தெலுங்கில். வயசான காலத்தில் நான் மாடி ஏறியதைப் புகழ்ந்தார். ஒரு காகிதத்தை என் பக்கம் தள்ளினார். இங்கிலீஷில் டைப் அடித்திருந்தது.

“கையெழுத்து போடுங்கம்மா. நீங்க பார்த்ததுதான்.”

“படிச்சுச் சொல்லுங்க.”

வார்டன் படித்துத் தெலுங்கில் சொன்னார். மாணவி துணி உலர்த்த மாடிக்குப் போனாள், காற்றில் கதவு சாத்திக்கொண்டது, ஊழியர் கண்டுபிடித்தார்.

“காத்துக்குத் தாழ்ப்பாள் போடத் தெரியுமா?” என்றேன்.

பிரின்சிபால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெண்களின் வாழ்க்கை, காலேஜின் பெயர், பத்திரிகைக்காரர்கள் என்றெல்லாம் சொன்னார். அப்புறம், “உங்க ஒப்பந்தமும் அடுத்த மாசம் புதுப்பிக்கணும், இல்ல?” என்றார், ஞாபகம் வந்தவர் மாதிரி. மகன் வீட்டு சோபா கண் முன்னால் வந்துபோனது. பயம் இல்லை என்று சொன்னால் பொய்.

ஆனால் என் கையெழுத்தைப் பொய்க்குக் கீழே போடச் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு வெள்ளைக் காகிதம் கேட்டேன். வேறு வழி இல்லாமல் கொடுத்தார்கள். தமிழில் எழுதினேன். ஒவ்வொரு எழுத்தாக வைத்தேன், நேரம் ஆயிற்று, யாரும் எழுந்து போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் நான் மாடிக்குப் போனேன். கதவில் படிப் பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது. நான்தான் அதை எடுத்தேன். பெண் வெயிலில் கிடந்தாள். கீழே கையெழுத்துப் போட்டுத் தள்ளினேன்.

பிரின்சிபால் பார்த்தார், வார்டன் பார்த்தார். ஒருத்தருக்கும் படிக்கத் தெரியவில்லை. ஒரு நிமிஷம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அப்போது வாசலில் நின்ற கிளார்க் சொன்னான்:

“சார், அந்தப் பொண்ணோட அப்பா தமிழ்தான். பொண்ணுக்கு லேசா உஷ்ணம்னு சொல்லி வரச் சொன்னோம்ல, வராந்தாவுல உட்கார்ந்திருக்காரு.”

வீட்டுக்குச் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தவள் நான். அந்த அறையில் வாயால் தெலுங்கில் சொல்லியிருந்தால் விஷயம் அந்த மூன்று பேரோடு போயிருக்கும். என் எழுத்தைக் காட்ட வேண்டும் என்று நினைத்தேன் பாருங்கள், அந்த எழுத்தைப் படிக்கக்கூடிய ஒரே ஆளை நானே உள்ளே கூப்பிட்டு வந்துவிட்டேன்.

பிரின்சிபால் அவரை உள்ளே கூப்பிடச் சொன்னார், பட்டறைச் சட்டையோடு வந்தார். பாக்கெட்டில் கம்பெனிப் பெயர் தைத்திருந்தது. பெண்ணுக்கு இருந்த அதே நீளக் கழுத்து. காகிதத்தை வாங்கி நின்றபடியே படித்தார். நாலு வரிக்கு அவ்வளவு நேரம் ஆகாது. திரும்பவும் முதலிலிருந்து படிக்கிறார் என்று தெரிந்தது.

“என்ன எழுதியிருக்காங்க?” என்று பிரின்சிபால் கேட்டார்.

அப்பா காகிதத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தெலுங்கில் சொன்னார்: “காத்துல கதவு சாத்திக்கிச்சுன்னு எழுதியிருக்காங்க, சார்.”

வார்டன் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்து, தமிழில், சத்தமில்லாமல் பேசினார்.

“அம்மா, எம்பொண்ணு இங்க இன்னும் நாலு வருஷம் இருக்கணும். அதுங்க பெரிய எடத்துப் பிள்ளைங்க. விட்டுடுங்க. உங்களக் கும்புட்டுக் கேக்கறேன்.”

“நாலு வருஷம் அவ இருக்கணும்னுதான் நானும் எழுதினேன்.”

“படிப்ப நான் நிறுத்த மாட்டேன். அவ பயப்படறான்னு எனக்குத் தெரியும். ஆனா இது வெளிய வந்தா இங்க இவளுக்கு யாரு இருக்கா?”

“அடுத்த வருஷம் இதே கதவுக்குள்ள வேற ஒருத்தி இருப்பா. அன்னிக்கு நான் மாடி ஏறுவேனான்னு தெரியாது. தாழ்ப்பாள் போடறது உங்க பொண்ணாக்கூட இருக்கும்.”

அவர் முகம் சட்டென்று கறுத்தது. அடித்துவிட்ட மாதிரி இருந்தது எனக்கு. பிரின்சிபால் மேசையைத் தட்டினார். “என்ன பேசிக்கிறீங்க?”

அப்பா இரண்டு கையையும் கூப்பினார், என்னைப் பார்த்துத்தான். அவர் கண்ணைப் பார்த்தால் எனக்கு வாய் வராது என்று தெரிந்தது. சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு தெலுங்கில் சொன்னேன்.

“நான் அப்படி எழுதல. தாழ்ப்பாள் போட்டிருந்ததுன்னு எழுதினேன். அதைத்தான் யார் கேட்டாலும் சொல்வேன்.”

அவர் உட்கார்ந்துவிட்டார். காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டார். “ஹவ், ஆமா, அதுதான் எழுதியிருக்கு” என்றார்.

மாடிக் கதவின் தாழ்ப்பாளை அன்றைக்கே கழற்றிப் போட்டார்கள். நான்காம் வருஷத்து அக்காவை ஒரு மாதம் வீட்டுக்கு அனுப்பினார்கள், மூன்றாம் வருஷத்தவளுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம். என் ஒப்பந்தம் புதுப்பித்தாகிவிட்டது. ஏன் என்று நான் கேட்கவில்லை. அப்பா சொன்னபடி படிப்பை நிறுத்தவில்லை. பெண்ணை ஹாஸ்டலிலிருந்து மட்டும் எடுத்துவிட்டார். லோத்குண்டாவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்துபோகிறாள்.

ஒருத்தரும் அவளோடு பேசுவதில்லை என்று கேள்விப்பட்டேன். வகுப்பில் பக்கத்து இடம் காலியாக இருக்குமாம். ராத்திரி தூக்கம் வராமல் போனது எனக்கு. முள்ளாக இருந்த அந்தப் பழைய பெண்ணின் முகம் போய், இவள் முகம் வந்தது. அநாதை என்கிற அந்தப் பெயரை இவளுக்கு நான்தானே வாங்கிக் கொடுத்தேன்.

ஒரு நாள் மதியம் மெஸ் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வா, சாப்பிடு என்றேன். டப்பா இருக்கிறது என்றாள். தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். முதல் தடவையாகத் தமிழில் பேசினாள், தட்டுத் தடுமாறி.

“அக்கா வந்திருப்பாங்க ஆயம்மா. நீங்க வரலேன்னாலும் வந்து திறந்திருப்பாங்க.”

“இருக்கும்” என்றேன். வேறு என்ன சொல்ல? டாக்டர் சொன்னதை அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்லலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. சொல்லிவிட்டால் இந்தப் பெண்ணுக்கு என்ன மிச்சம் என்று பயந்து விட்டுவிட்டேன்.

நான்காம் வருஷத்தவள் ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தாள். மெலிந்திருந்தாள். வரிசையில் எல்லாருக்கும் பின்னால் நின்று, என் முன்னால் வந்ததும் தட்டை நீட்டாமல் நின்றாள்.

“மறந்துட்டேன் ஆயம்மா. சத்தியமா மறந்துதான் போனேன். என்னையும் அங்கதான் விட்டாங்க. எங்க அக்கா ஒரு மணி நேரத்துல திறந்தாங்க.”

“அந்த ஒரு மணி நேரம் உனக்கு எப்படி இருந்துது?”

அவள் தட்டை நீட்டினாள். சோற்றைப் போட்டேன். தட்டோடு போய்விட்டாள்.

அன்றைக்குச் சாயந்திரம் கேட்டுக்கு வெளியே பஸ் ஸ்டாப்பில் நீளக் கழுத்து தனியாக நின்றுகொண்டிருந்தாள். நான் கீரை வாங்க வெளியே வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். நான்காம் வருஷத்து அக்கா கையில் ஒரு கட்டுப் பாட நோட்டுகளோடு அவளை நோக்கிப் போகிறாள். ஓடிப்போய் நடுவில் நிற்க வேண்டும் போல இருந்தது. முழங்காலும் வரவில்லை, உரிமையும் இல்லை. அக்கா நோட்டை நீட்டினாள். என்ன பேசினார்கள் என்று அந்த டிராஃபிக் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. பெண் இரண்டு கையாலும் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். முகமெல்லாம் சிரிப்பு. பஸ் வந்தது, ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, தெரு முனை திரும்பும்வரை அக்காவுக்குக் கை ஆட்டிக்கொண்டே போனாள்.

அந்தச் சிரிப்பைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும் நான். எனக்கு, அடுத்த வருஷம் வரப்போகிற பதினேழாம் நம்பர் பெண்தான் நினைவுக்கு வந்தாள். கீரைக்காரி இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் எனக்கு எதற்கு வந்தேன் என்பதே தெரிந்தது.